யட்சிக்குக் கால் தேவையில்லை

புகையில் படம் காட்டும் திரையை வீட்டிலேயே செய்யப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை வாட் ஸ்மோக் மெஷின்?" கல்யாண மேடை போடுகிறவர்கள் கேட்டார்கள், என் பாலிடெக்னிக் வகுப்புப் பையன்கள் கேட்டார்கள், வீட்டுக்குப் பால் கொண்டு வருகிறவர்கூடக் கேட்டார். புகை நிறைய வந்தால் திரை நன்றாக நிற்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. விஷயம் அப்படியில்லை. திரை என்பது அங்கே காற்றுதான். அது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டுவதற்குத்தான் புகை. காற்று தட்டையாக, ஒரே வேகத்தில், சுழி இல்லாமல் இறங்கினால் ஒரு வாளித் தண்ணீரில் வரும் மூடுபனியே போதும்; காற்று கலங்கினால் ஊரே புகைந்தாலும் படம் நிற்காது. இணையத்தில் இருக்கும் செய்முறை வீடியோக்களில் பாதிக்கு மேல் புகையைப் பற்றியே பேசுகின்றன, அதனால்தான் காற்றைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். பஸ்ஸில் கொஞ்சம் கண் அசந்தால் கேரளத்தில்தான் விழிக்க வேண்டும், அவ்வளவு எல்லையோரம். ஷார்ஜாவில் இருந்த அக்கா குடும்பம் ஊருக்கே திரும்பி வந்துவிட்டது. அங்கே ஃபிளாட்டில் அக்டோபர் 31 ராத்திரி ஒவ்வொரு கதவாகத் தட்டி மிட்டாய் வாங்கிப் பழகிய பிள்ளைகள், இங்கே யார் கதவைத் தட்டுவது? தட்டினால் "என்ன மக்கா, யாருக்காவது சுகமில்லையா?" என்றுதான் கேட்பார்கள். ஹாலோவீன் வேண்டும் என்று மூத்தவள் ஆரம்பித்தாள், சின்னவன் அழுகையைச் சேர்த்துக்கொண்டான்.

நாட்காட்டியைப் பார்த்தால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அந்த ராத்திரி கச்சிதமாகத்தான் விழுகிறது. நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். அதே நவம்பர் 1, 1956இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும்கூட, மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை கிடைக்கும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள், பூவும் மெழுகுதிரியுமாக எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் இருப்போம். அம்மாவுக்கு அதுதான் பிரச்சினை. "கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு நாள் கிடக்கு, அதுக்குள்ள வீட்டு முற்றத்துல பேய்க்கூத்தா?" என்றாள். ஹாலோவீன் என்றாலே சகல புனிதர் திருநாளுக்கு முந்தின ராத்திரிதான் அம்மா, அயர்லாந்தில் பூசணிக்காய்க்குப் பதிலாக ஒரு காலத்தில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து விளக்கு வைத்தார்கள், அமெரிக்கா போனபிறகுதான் பூசணி வந்தது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டாள், மசியவில்லை. கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது: எலும்புக்கூடு கூடாது, சிலுவை, கல்லறைக்கல் எதுவும் கூடாது, யட்சி என்றால் சரி. யட்சி கதைதானே, அவளே எங்களுக்குச் சொல்லிப் பயமுறுத்திய கதை. கள்ளியங்காட்டு நீலி நாகர்கோவில் பக்கத்து ஆள்தான். ராத்திரி தனியாகப் போகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், கொடுத்தால் தீர்ந்தான். இதைவிட நல்ல கதை பூசணிக்காயிடம் இல்லை.

முதலில் எளிதான வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்தில் எட்டுப் பேருக்கு அதுவே போதும். துணிக்கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மெல்லிய கறுப்பு நெட் துணியை இறுக்கிக் கட்டி, பின்னால் இருந்து படம் அடித்தால் இருட்டில் துணி தெரியாது, உருவம் மட்டும் மிதக்கும். அமெரிக்காவில் வீட்டு முற்றத்தில் ஹாலோவீன் காட்சி வைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரித் துணியிலோ ஜன்னல் கண்ணாடியிலோதான் படம் காட்டுகிறார்கள். ஆனால் துணிக்குள் கையை விட முடியாது. உருவத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வர முடிகிற அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் மூடுபனித் திரைக்கு இவ்வளவு பாடு.

யோசனை புதிதல்ல. 1770களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் ஷ்ரெப்ஃபர் என்ற ஒருவர், செத்தவர்களை வரவழைக்கிறேன் என்று சொல்லிப் புகையின்மேல் மாய விளக்கால் (கண்ணாடியில் வரைந்த படத்தை வெளிச்சத்தில் பெரிதாக்கிக் காட்டும் பழைய புரொஜெக்டர்) உருவங்களைக் காட்டியிருக்கிறார். 1790களின் கடைசியில் பாரிசில் எத்தியென் காஸ்பர் ரொபேர், மேடைப்பெயர் ராபர்ட்சன், பழைய கப்புச்சின் மடத்தில் வைத்து அதையே பெரிய தொழிலாக நடத்தினார். விளக்கைச் சக்கரத்தில் ஏற்றித் தள்ளித் தள்ளி, பேய் பெரிதாகிக்கொண்டே கிட்டே வருவதுபோலச் செய்தார். இத்தனைக்கும் எண்ணெய் விளக்கு வெளிச்சம்! அவர்களிடம் இல்லாதது பிரகாசம் மட்டுமல்ல, தட்டையான புகையும் இல்லை. அது 2000களின் தொடக்கத்தில் வந்தது: பின்லாந்தின் தாம்பெரே நகரத்தில் இஸ்மோ ரக்கோலைனன், காரி பாலோவுவோரி என்ற இரண்டு பேர் மெல்லிய மூடுபனித் தகடு ஒன்றை மேலிருந்து இறக்கி, அதன் இரண்டு பக்கமும் சுத்தமான காற்றை அணைகட்டியதுபோல் ஓடவிட்டார்கள். ஃபாக்ஸ்கிரீன் என்று அது கம்பெனியாகவே வந்துவிட்டது. வீட்டில் செய்கிறவர்கள் எல்லோரும் காப்பியடிப்பது அதைத்தான், நானும்தான்.

சரி, காற்று.

ஊதுபத்தியைக் கொளுத்திக் காற்றில்லாத அறையில் வைத்துப் பாருங்கள். கொஞ்ச உயரம் வரை புகை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும், அப்புறம் சட்டென்று நெளிந்து சுருள் சுருளாகக் கலையும். நேராகப் போகிற அந்தப் பகுதியை மட்டும் அகலமாக்கி, தலைகீழாக்கித் தொங்கவிட்டால் அதுதான் நம் திரை. எப்போது நேராக ஓடும், எப்போது கலையும் என்பதை 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓடவிட்டு, நடுவில் சாயத்தைக் கசியவிட்டுப் பார்த்தார். வேகத்தைக் குழாயின் விட்டத்தால் பெருக்கி, ஓடுகிற தண்ணீர் அல்லது காற்றின் பிசுக்குத்தன்மைக்கான ஓர் எண்ணால் வகுத்தால் வருவது ரெனால்ட்ஸ் எண். குழாய்க்குள் அது ஏறத்தாழ 2000க்குக் கீழே இருந்தால் ஓட்டம் அடங்கி இருக்கும்.

இதை எங்கள் வீட்டுக் கணக்குக்குக் கொண்டு வருகிறேன். காற்றுக்கு அந்த வகுக்கும் எண், மீட்டர் கணக்கில், 0.000015. ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் 12 சென்டிமீட்டர் அகலம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று அதிலிருந்து வந்தால் 1 பெருக்கல் 0.12 வகுத்தல் 0.000015, அதாவது 8000. போதாததற்கு ஃபேன் இறக்கைகள் காற்றைத் திருகியும் விடுகின்றன. அதே காற்றை அதே வேகத்தில் 4 மில்லிமீட்டர் துளைகள் வழியாக அனுப்புங்கள்: 270 கூட வராது. ஒரு பெரிய முரட்டு ஓட்டத்தை ஆயிரம் சின்ன சாது ஓட்டங்களாகப் பிரித்துவிட்டோம், வேலை முடிந்தது. காற்றுச் சுரங்கங்களிலும் சோதனைப் பகுதிக்கு முன்னால் தேன்கூடு மாதிரித் தடுப்பும் கம்பி வலைகளும் இதற்காகத்தான் வைக்கிறார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் இந்தத் தேன்கூட்டைப் பிளாஸ்டிக் ஸ்ட்ராக்களை அடுக்கிச் செய்கிறார்கள். நமக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலேயே பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை, 2020இல் கேரளத்திலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2022 ஜூலையில் நாடு முழுக்க. எல்லை தாண்டி வாங்கலாம் என்ற எங்கள் ஊர் வழக்கமான தந்திரமும் (பெட்ரோலுக்கு, மீனுக்கு, லாட்டரிக்கு உதவுவது) இதில் பலிக்காது. காகித ஸ்ட்ரா கிடைக்கும், ஆனால் மூடுபனியில் கொஞ்ச நேரத்தில் ஊறி வாய் மூடிக்கொள்ளும். தடை நல்லதுதான், குறை சொல்லவில்லை.

பதில் கரண்ட் கம்பத்தில் கட்டியிருந்தது. டியூஷன் சென்டர்காரர்களும் தேர்தலில் நிற்கிறவர்களும் ஃபைனான்ஸ்காரர்களும் கம்பம் கம்பமாகக் கட்டிவிட்டுப் போகும் சன்பேக் ஷீட். அதை வெட்டிப் பக்கவாட்டில் பாருங்கள்: இரண்டு தகடு, நடுவில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓடைகள், ஒவ்வொன்றும் மூன்று நான்கு மில்லிமீட்டர். இதைவிட ஒழுங்கான தேன்கூட்டை ஸ்ட்ராவால் எவனும் செய்ய முடியாது. ஓடைகள் மேலிருந்து கீழாக வரும்படி 8 சென்டிமீட்டர் உயரப் பட்டைகளாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து அடுக்கினால் போதும். துளை அகலத்தைப்போல் பத்து மடங்காவது நீளம் இருக்க வேண்டும் என்பது சொல்லப்படும் கணக்கு. 8 சென்டிமீட்டர் அதைத் தாராளமாகத் தாண்டுகிறது. கத்தி புதிதாக இருக்கட்டும், மழுங்கிய பிளேடு ஓடையின் வாயை நசுக்கிவிடும், நசுங்கிய துளைக்குக் கீழே திரையில் ஒரு கீறல் தெரியும். எங்கள் யட்சியை இறக்கிவிட்ட தேன்கூட்டில் நீட் கோச்சிங் விளம்பரம் துண்டு துண்டாக இருக்கிறது.

அடுத்தது பெட்டி. மல்டிவுட்டில் (மரத்துக்குப் பதிலாக விற்கும் பிவிசி பலகை) நாலடி நீளத்தில் ஒரு நீளப்பெட்டி, உள்ளே நீளவாக்கில் இரண்டு தடுப்புகள் வைத்து மூன்று அறைகள். நடு அறை குறுகலானது, மூன்று சென்டிமீட்டர்தான், மூடுபனி இறங்க. இரண்டு பக்க அறைகள் அகலமானவை, வெறும் காற்றுக்கு. மூன்றின் அடியிலும் அதே சன்பேக் அடுக்கு. பக்க அறைகளின் மேல்புறம் வரிசையாகக் கம்ப்யூட்டர் ஃபேன்கள், 12 வோல்ட், வேகத்தைக் குறைக்க ஒரு ரெகுலேட்டர். பிளைவுட்டில் செய்யலாமா என்று கேட்காதீர்கள், ஈரத்தில் ஊதிவிடும்.

பக்கக் காற்று ஏன் தேவை என்று கேட்டால், நடு அறை மூடுபனி மட்டும் தனியாக இறங்கினால் அசையாமல் நிற்கும் வெளிக்காற்றோடு உரசும், உரசும் இடத்தில் சுழி பிறக்கும், ஒரு சாண் இறங்குவதற்குள் கலைந்துவிடும். இரண்டு பக்கமும் ஏறத்தாழ அதே வேகத்தில் சுத்தக் காற்று கூடவே இறங்கினால் அந்த உரசல் வெளி விளிம்புக்குத் தள்ளிப்போகிறது. நடுவில் இருக்கும் வெள்ளைத் தகட்டுக்கு அது வந்து சேர நேரமாகும். வீட்டில் செய்து தோற்றுப்போன திரைகளில் நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் இல்லாமல் போனது இந்தப் பக்கக் காற்றுதான். ஃபேன் காற்று நேராகத் தேன்கூட்டில் அறையாமல் இருக்க இடையில் கொசு வலையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறேன். வலை காற்றைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தும், அப்படி நிற்கும்போதே அது பெட்டி முழுக்கப் பரவிவிடும்.

இனி மூடுபனி. சித்தப்பா மகன் லைட் செட் வைத்திருக்கிறான், அவன்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவன்: "அக்கா, 1500 வாட் மெஷின் சும்மா கிடக்கு, எடுத்துட்டுப் போங்க. பொறவு எதுக்கு இந்த வாளியும் வயரும்?" ஸ்மோக் மெஷின் கிளைக்கால் கலந்த தண்ணீரைச் சூடாக்கித் துப்புகிறது. வருகிற புகை சூடானது, அதனால் மேலே போகப் பார்க்கும். நமக்குக் கீழே இறங்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, அது லேசில் மறையாது. கொஞ்ச நேரத்தில் போர்ட்டிகோ முழுக்கப் புகை நிரம்பும், அப்புறம் திரை எது, சுற்றுப்புறம் எது என்று புரொஜெக்டருக்குத் தெரியாது, வெளிச்சக் கற்றை முழுக்கத் தெரிய ஆரம்பித்து உருவம் காணாமல் போகும். கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேகத்தில் நடந்து வருவதற்குப் போடுகிற ட்ரை ஐஸ் இன்னொரு வழி. மைனஸ் 78 டிகிரிக் குளிரில் இருக்கும் திடக் கார்பன் டை ஆக்சைடு அது. தரையோடு அழகாகப் படரும், ஆனால் வெறுங்கையால் தொட்டால் தோல் போகும், அடைத்த இடத்தில் மூச்சுக்கு ஆபத்து, சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில் எனக்கு அது வேண்டாம்.

நான் எடுத்தது மிஸ்ட் மேக்கர், மீன்தொட்டியிலும் அலங்கார நீரூற்றிலும் போடுவார்களே, அதன் அண்ணன். ஒரு சின்னப் பீங்கான் வட்டு தண்ணீருக்குள் நொடிக்கு 17 லட்சம் தடவை அதிர்கிறது, நீர்ப்பரப்பு துகளாகச் சிதறுகிறது. அந்த அதிர்வெண்ணுக்குத் துளியின் அளவு ஏறத்தாழ 3 மைக்ரான். அந்த அளவுத் துளி தானாக விழ வேண்டுமென்றால் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது, காற்று எங்கே இழுக்கிறதோ அங்கேதான் போகும். அதனால்தான் இது காற்றை அப்படியே காட்டிக்கொடுக்கிறது. சூடு கிடையாது, சொல்லப்போனால் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் காற்றைக் கொஞ்சம் குளிரவைக்கிறது, குளிர்ந்த காற்று கனம், இறங்குவதற்கு அதுவும் ஓர் உதவி. ஒற்றை வட்டு விளையாட்டுக்குத்தான் ஆகும். நாலடித் திரைக்குப் பத்து வட்டு உள்ளது வேண்டும், அது மிதவையோடு வருகிறது, 48 வோல்ட்.

தண்ணீர் விஷயத்தில் சோம்பல் படாதீர்கள். உப்புத் தண்ணீர் வட்டில் படிந்து அதைக் கொன்றுவிடும், பறக்கும் துளி காய்ந்தபிறகு வெள்ளைத் தூசு சாமான்மேல் படியும். ஆர்ஓ தண்ணீர் போதும். நாள்பட்ட தண்ணீரை மட்டும் போடவே கூடாது, தேங்கிய தண்ணீரில் வளரும் லெஜியோனெல்லா மாதிரிக் கிருமிகளை நுண்துளியாக்கி எல்லோர் மூக்குக்கும் நாமே அனுப்பிவைத்த மாதிரி ஆகும். அன்றன்றைக்குப் புதுத் தண்ணீர், முடிந்ததும் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும்.

வாளி என்றால் 20 லிட்டர் பெயிண்ட் வாளி, மூடியோடு. துளிகள் நிறைந்த குளிர்ந்த காற்று கனம் என்பதால் அதை மேலே ஏற்றுவதைவிட மேலிருந்து இறக்குவது சுலபம், ஆகவே வாளியைச் சன்ஷேடுமேல் வைத்தேன். மூடியில் இரண்டு துளை: ஒன்றில் சின்ன ஃபேன் காற்றை உள்ளே தள்ளும், மற்றதில் நாலு இன்ச் பிவிசி குழாய் மூடுபனியை வெளியே கொண்டுபோகும். ஃபேனை மூடுபனி போகிற வழியில் வைத்தால் இறக்கையில் பட்டு எல்லாம் தண்ணீராகிச் சொட்டும். குழாய் நடு அறையின் மேலே நீளவாக்கில் படுத்திருக்கிறது, துளைகள் மேல்பக்கம் பார்த்து. கீழ்ப்பக்கம் துளை போட்டால் வாளிக்குப் பக்கத்துத் துளையிலேயே எல்லாம் கொட்டித் தீர்ந்து, திரையின் மறுமுனை ஓட்டையாக நிற்கும். மேல்பக்கம் என்றால் குழாய் நிரம்பி வழிவதுபோல் நீளம் முழுக்க ஒரே அளவில் வருகிறது. பெட்டியை அரை இன்ச் ஒரு பக்கம் சாய்த்துக் கட்ட வேண்டும், உள்ளே சேரும் ஈரம் அந்த மூலைக்கு வந்து ஒரு டியூபில் இறங்கட்டும். அடாப்டர்கள் எல்லாம் ஜன்னலுக்கு உள்பக்கம், அந்த லைனுக்கு 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் சுவிட்சைப் போட்டேன். தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும்போது இதற்கு மாற்று எதுவும் இல்லை.

புரொஜெக்டரை இதுவரை இணைக்கக் கூடாது. முதலில் பக்கவாட்டில் ஒரு டார்ச் அடித்துத் திரையை மட்டும் பாருங்கள். காற்றை முதலில் ஓடவிட்டு, அது அடங்கியபிறகு மூடுபனியைத் திறக்க வேண்டும். வேகம் கூடினால் அழகு கூடும் என்று ரெகுலேட்டரைத் திருகத் தோன்றும். குறைத்தால்தான் தகடு நீளும், அதற்கும் கீழே குறைத்தால் லேசான காற்றுக்கே சாய்ந்து ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, காதை வைத்தே பிடிக்கலாம், ஃபேன் சத்தம் முணுமுணுப்பாகும் இடம். எங்கள் பெட்டியின் அடியிலிருந்து ஏறத்தாழ நாலடி வரை கண்ணாடித் தகடு மாதிரி நின்றது, அதற்குக் கீழே சுருள ஆரம்பித்தது, தரைக்குப் பக்கத்தில் வெறும் மேகம்.

அந்தக் கீழ்ப்பகுதியை என்ன செய்வது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். பெட்டியை இறக்குகிறார்கள், ஃபேனைக் கூட்டுகிறார்கள், கீழே இழுவை ஃபேன் வைக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கவலையே வரவில்லை, ஏனென்றால் யட்சிக்குக் கால் தேவையில்லை. கால் தரையில் பாவாது என்பதுதானே அவளுடைய அடையாளமே! முகமும் தோளும் நீட்டிய கையும் தெளிவான நாலடிக்குள் வருகின்றன, அதற்குக் கீழே வெள்ளைச் சேலை மேகத்தில் கரைந்து போகிறது. பூசணிக்காய் முகத்தைப் போட்டிருந்தால் இந்த லாபம் இல்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை உருவம், பெரிய வடிவம், மெதுவான அசைவு, நுணுக்கம் இல்லாத ஓரங்கள் என்று மூடுபனித் திரை கேட்பதையெல்லாம் நம் ஊர்க் கதைசொல்லிகள் எப்போதோ யட்சிக்குக் கொடுத்துவைத்திருக்கிறார்கள்.

படத்தைக் காசு கொடுத்து வாங்கவில்லை. மூத்தவளுக்கு அம்மாவின் வெள்ளைச் சேலையைக் கட்டி, தலைமுடியை விரித்துவிட்டு, பின்னால் கறுப்பு வேட்டி இரண்டைத் தொங்கவிட்டு (ஐயப்பனுக்கு மாலை போடும் பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்தது) ஃபோனிலேயே எடுத்தோம். வெளிச்சம் அவள்மேல் மட்டும், பக்கவாட்டில் இருந்து. கேமராவின் எக்ஸ்போஷரை லாக் செய்யாவிட்டால் அது கறுப்பைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும். எடுத்ததை எடிட்டிங்கில் பாதி வேகமாக்கி, கறுப்பை இன்னும் கறுப்பாக்க வேண்டும். இது அழகுக்காக இல்லை: படத்தில் கொஞ்சம் சாம்பல் இருந்தாலும் புரொஜெக்டர் ஒரு மங்கலான நீள்சதுரத்தை மூடுபனியில் வரையும், அதைப் பார்த்த உடனே பேய் செத்தது. மலிவு எல்சிடி புரொஜெக்டர்களில் கறுப்பே சாம்பல்தான், அதனால் டிஎல்பி வகை கிடைத்தால் நல்லது. பெட்டிமேல் அச்சடித்திருக்கும் லூமன் (வெளிச்ச அளவு) கணக்கை நம்ப வேண்டாம், தரநிலைப்படி அளந்த ஆன்சி லூமன் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தம்பியிடம் இருந்தது 3000, இருட்டில் தாராளம்.

எங்கே வைப்பது? பார்க்கிறவர்களுக்கு எதிர்ப்பக்கம், திரைக்குப் பின்னால். ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரிய துளிகள் வெளிச்சத்தைப் பெரும்பாலும் அது போகிற திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிக்கின்றன. 1908இல் குஸ்டாவ் மீ கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம். பேச்சிப்பாறைப் பக்கம் விடிகாலைப் பனியில் பைக் ஓட்டியவர்களுக்குக் கணக்கு தேவையில்லை, எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும் எப்படிக் கண்ணைக் குத்தும் என்று தெரியும். ஆனால் அதே காரணத்தால் புரொஜெக்டர் நேர் பின்னால் இருந்தால் யட்சியின் நெஞ்சுக்குள் ஒரு வெள்ளைப் பல்பு எரியும். லென்ஸைப் பார்வைக் கோட்டுக்கு மேலே தூக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். நான் ஹால் ஜன்னலின் மேல்கட்டத்தில் வைத்து, பெட்டியின் ஓரமே அதை மறைக்கும்படி செய்தேன். அமைப்புகளில் பின்புறத் திரை என்பதைத் தேர்ந்தெடுத்தால் இட வலம் சரியாகிவிடும்.

ஊர்க்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் அடிக்கும் காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி ஆடியில் இந்த விளையாட்டை அந்தப் பக்கத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. எங்கள் விளவங்கோட்டுப் பக்கம் ரப்பர் மரங்களுக்குள் கொஞ்சம் அடக்கம், அதோடு ஐப்பசியில் காற்று ஓய்ந்து வடகிழக்கு மழை வந்துவிடும். மழை எதிரி என்று நினைப்போம், இல்லை. ஈரப்பதம் ஏறியிருக்கும் ராத்திரியில் துளி ஆவியாக நேரமாகும், திரை கெட்டியாக நிற்கும். போர்ட்டிகோவின் மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி, தெருவிளக்குக்கும் அதையே மறைப்பாக்கினோம்.

ஏழு மணிக்குமேல் பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் பெரியவர்களும் வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. யட்சி தூரத்தில் சின்னதாகத் தொடங்கி, வளர்ந்து, கையை நீட்டினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் மொத்தமாகப் பின்னால் சாய்ந்தார்கள், அதற்கப்புறம் ஒரு பையன் ஓடிப்போய் அவளுக்குள் புகுந்தான், அவள் கிழிந்து, ஒரு நொடி, இரண்டு நொடியில் திரும்பவும் முழுசாகச் சேர்ந்தாள். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். வேகமாக ஓடினால் கூடவே காற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், மெதுவாகப் போனால் மூடுபனி உடம்போடு வழுக்கி மூடிக்கொள்கிறது. அந்த வித்தியாசத்தைச் சின்னவன்தான் முதலில் கண்டுபிடித்து மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தான். கூட்டத்தில் இருந்து அம்மாச்சி எழுந்து வந்து, மடியிலிருந்த சுண்ணாம்பு டப்பாவை யட்சியின் கைக்கு நேரே நீட்டி, "இந்தா பிள்ளே, வாங்கிட்டுப் போ, மழை பெய்யுது" என்றதற்கு வந்த சிரிப்பு யட்சிக்கு வந்த அலறலைவிடப் பெரியது.

இப்போது கோயில் இளைஞர் குழுவினர் வந்து நிற்கிறார்கள், டிசம்பரில் குடிலுக்கு மேலே கபிரியேல் தூதர் வேண்டுமாம். செய்யலாம், ஆனால் நாலடி போதாது, மைதானத்தில் தூரத்தில் இருந்து பார்ப்பார்கள். பெரிய ஃபேன் போட்டு அகலப்படுத்த முடியாது. அதே அளவுப் பெட்டிகளைப் பக்கம் பக்கமாகக் கோக்கத்தான் முடியும், சேரும் இடத்தில் கோடு விழாமல் இருக்க நடு அறைகளின் முனைச் சுவர்களை வெட்டி இணைக்க வேண்டும். திறந்த மைதானத்துக் காற்றுக்கு இரண்டு பக்கமும் ஓலைத்தட்டி. தூதருக்கும் கீழே மேகம் போட்டுவிடலாம், அதில் சிக்கல் இல்லை, விரித்த சிறகின் நுனிகள் திரையின் ஓரத்தில்தான் வரும், ஓரம்தான் முதலில் கலையும், அதனால் சிறகை ஒடுக்கி வைத்துப் படமெடுக்கச் சொல்லியிருக்கிறேன். சன்பேக் ஷீட் மட்டும் நிறையத் தேவைப்படும். கம்பத்தில் காலாவதியானது எதையாவது பார்த்தால் கழற்றிக்கொண்டு வாருங்கள் என்று வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறேன், தேதி தாண்டாததைத் தொடக்கூடாது என்றும்.